முதுகுப் பையை நிறுத்துப் பார்ப்போம்: கதிர்காமப் பாதயாத்திரைக்கு முன் ஒரு கணக்கு

கதிர்காமத்துக்குக் காட்டுப் பாதையால் போகிறவர்கள் உகந்தை முருகன் கோயிலடியில் தங்குவார்கள். காட்டுக்குள் இறங்குவதற்கு முதல்நாள் பின்னேரம் அங்கே ஒரு காட்சியைப் பார்க்கலாம். மர நிழலில் பைகளை அவிழ்த்து, சாமான்களை மணலில் பரப்பிவிட்டு, எதை விட்டுவிட்டுப் போவது என்று தெரியாமல் ஆட்கள் நிற்பார்கள். வீட்டில் செய்திருக்கவேண்டிய வேலை அது. அந்த இடத்தில் வைத்து எதையும் விட மனம் வராது. கடைசியில் எல்லாம் திரும்பப் பைக்குள்தான் போகும்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் என் அம்மாவும் அப்படித்தான் நின்றார். காட்டுக்குள் முதல்நாள் நடை முடிந்தபோது இரண்டு முழங்கால்களும் வீங்கியிருந்தன. அடுத்த நாளிலிருந்து அவருடைய சாமான்களை எங்கள் கூட்டத்தில் மூன்று பேர் பங்கிட்டுச் சுமந்தார்கள். அம்மா கதிர்காமம் போய்ச் சேர்ந்தார், நேர்த்தியும் நிறைவேறியது. ஆனால் வீடு திரும்பிய பிறகு அவர் சொன்னது ஒன்றுதான்: "இனி நான் வரேல்லை. மற்றவைக்குப் பாரமா வரேலாது."

கால் நோவைவிட அந்த வெட்கம்தான் அவரை நிறுத்தியது. அடுத்த தடவை அவரைக் கூட்டிப்போவதென்றால் முதலில் அந்தப் பையில் என்ன இருந்தது என்று பார்க்கவேண்டும் என நினைத்தேன். அப்போது செய்ததையும் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். பாதயாத்திரை போகிறவர்களுக்கும், சிவனொளிபாதமலை ஏறுகிறவர்களுக்கும், மலையகத்தில் நடைப்பயணம் போகும் இளையவர்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும்.

ஒரு கிலோ முழங்காலுக்கு எவ்வளவு?

பையைத் தூக்கிப் பார்த்து "பாரமில்லை" என்று சொல்வது பத்து நிமிடத்துக்குத்தான் உண்மை. ஒரு கிலோமீற்றர் நடக்க ஒரு சராசரி ஆளுக்கு 1,300 முதல் 1,500 அடிகள் வரை தேவை. ஒரு நாளில் 15 கிலோமீற்றர் நடந்தால் இருபதாயிரம் அடிகளுக்கு மேல். ஒவ்வொரு அடியிலும் பையின் பாரம் முழங்காலிலும் கணுக்காலிலும் இறங்குகிறது.

முழங்கால் தேய்வு உள்ள முதியவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2005இல் வெளியானது. உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று அது காட்டியது. அந்த ஆய்வு அளந்தது உடல் எடையை, பையை அல்ல. ஆனால் முழங்காலுக்கு இரண்டும் மேலிருந்து வரும் பாரம்தான்.

பல நாள் நடைக்கு, தண்ணீரும் சாப்பாடும் சேர்த்துப் பையின் எடை உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது நடைப்பயணிகள் பின்பற்றும் பொதுவிதி. 50 கிலோ உள்ளவருக்கு 10 கிலோ. வயது போனவர்களும் முழங்கால் நோவு உள்ளவர்களும் அதற்கும் கீழே நிற்பது நல்லது.

காலில் இருக்கும் எடை இன்னும் மோசமானது. பாதத்தில் கூடும் எடைக்கு, அதே எடையை முதுகில் சுமப்பதைவிட நான்கு முதல் ஆறு மடங்கு வரை சக்தி செலவாகும். தடித்த, கனமான சப்பாத்து காட்டு வழிக்குப் பலம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். நேர்த்திக்காக வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு ஒரு சொல்: நீரிழிவால் கால் விறைப்பு உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவேண்டாம். முள் ஏறினாலும், சுடுமணல் சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாமல் போகும்.

நிறுக்கும் முறை

தேவையானவை ஒரு தராசும் ஒரு கொப்பியும்தான். சமையலறை மின்தராசு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பக்கத்துப் பலசரக்குக் கடையில் கேட்டால் நிறுத்துத் தருவார்கள். பை முழுவதையும் ஒன்றாகத் தூக்கி நிறுப்பதில் பெரிய பயனில்லை. ஒவ்வொரு சாமானையும் தனித்தனியே நிறுத்து, கிராமில் எழுதவேண்டும். அப்போதுதான் பாரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும்.

எழுதும்போது மூன்றாகப் பிரியுங்கள்.

முதலாவது, அடிப்படை எடை. பை, உடுப்பு, படுக்கை, பாத்திரம், மருந்து என்று முதல்நாள் தொடங்கிக் கடைசி நாள் வரை முதுகில் இருப்பவை.

இரண்டாவது, தீர்ந்துபோகும் எடை. சாப்பாடும் தண்ணீரும். இது நாளுக்கு நாள் குறையும்.

மூன்றாவது, உடம்பில் இருப்பவை. உடுத்திருக்கும் உடுப்பு, செருப்பு, கையிலுள்ள தடி.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்துப் பாரத்தைக் குறைக்க நினைப்பது ஆபத்து. குறைக்கவேண்டியது அடிப்படை எடையை. மேற்கு நாடுகளில் மலைநடை போகிறவர்கள் இந்த எடையை வைத்துத்தான் ஒருவரின் பையை மதிப்பிடுகிறார்கள். அடிப்படை எடை நாலரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால் அதை மிக இலகுவான பை என்பார்கள். இந்தக் கணக்கை வைத்திருப்பதற்கென்றே லைட்டர்பேக் என்ற இலவச இணையத்தளமும் இருக்கிறது. கைத்தொலைபேசியில் பழக்கம் உள்ளவர்கள் அதைப் பயன்படுத்தலாம். எங்களுக்குக் கொப்பி போதுமாக இருந்தது.

அம்மாவின் பை

இரண்டு வருடங்களுக்கு முன்னர் கொண்டுபோன அதே சாமான்களை, அதே பையில் இருந்தபடியே எடுத்து நிறுத்தோம்.

பை (சில்லு வைத்தது, வெளிநாட்டிலிருந்து வந்தது): 2,400 கிராம்
சேலை, சட்டை, பாவாடை, நான்கு சோடி: 3,000
துவாய் இரண்டு: 900
தடித்த போர்வை: 1,300
பிளாஸ்ரிக் பாய்: 700
தறப்பாள்: 900
சவர்க்காரம், பற்பசை, எண்ணெய், சம்போ: 950
சட்டி, கோப்பை, பேணி: 1,050
ரோச் லைற், பவர் பாங்க், சார்ஜர்: 650
மருந்து: 500
பூசைச் சாமான்: 600
ஆவணப் பை: 1,350

மொத்தம் 14,300 கிராம். அதற்குமேல் சாப்பாடு 3,200 கிராம், தண்ணீர் மூன்று லீற்றர். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. எல்லாமாக இருபதரைக் கிலோ. அம்மாவின் உடல் எடை 54 கிலோ. தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதலாகச் சுமந்துகொண்டு, கச்சான் காற்று அடிக்கும் வெயிலில், மணலில் நடந்திருக்கிறார்.

எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது பையின் எடை. ஒன்றும் வைக்காத வெறும் பை இரண்டரைக் கிலோவுக்குக் கிட்ட. சில்லும், இழுக்கும் கம்பியும் காட்டுக்குள் ஒரு அடிகூட உதவவில்லை. "நல்ல பை" என்று நினைத்ததுதான் தனிச்சாமான்களில் மிகப் பாரமானதாக இருந்தது.

குறைத்தது எப்படி?

பாரமானவற்றிலிருந்து தொடங்கவேண்டும். பற்தூரிகையின் பிடியை வெட்டிப் பத்துக் கிராம் குறைப்பதைவிட, பையை மாற்றினால் ஒன்றரைக் கிலோ குறைகிறது. பை, படுக்கை, மழைக்கு மறைப்பு ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். எங்களுடைய பட்டியலில் உடுப்பும் அவற்றோடு சேர்ந்துகொண்டது.

பைக்குப் பதிலாக மருமகனின் பழைய புத்தகப் பையை எடுத்தோம், 700 கிராம். தோள்பட்டி மெல்லியதாக இருந்ததால் உள்ளே பழைய துணி வைத்துத் தைத்தோம். இடுப்பில் கட்டுவதற்கு ஒரு பட்டியும் சேர்த்தோம். இடுப்புப் பட்டி பாரத்தின் ஒரு பகுதியைத் தோளிலிருந்து இடுப்பு எலும்புக்கு மாற்றுகிறது.

உடுப்பில் உடுத்திருப்பது ஒன்று, பையில் ஒன்று. ஆறு கண்ட இடத்தில் தோய்த்தால் வெயிலில் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். தடித்த நூல் சேலை தண்ணீர் குடித்தால் இன்னும் பாரமாகும். அதனால் மெல்லிய சேலை ஒன்றும், இரவுக்கு ஒரு சட்டையுமாக 800 கிராம்.

துவாய் இரண்டுக்கும் பதிலாக மெல்லிய துண்டு ஒன்று, 150. தடித்த போர்வைக்குப் பதிலாகப் பழைய சேலையை இரண்டாக மடித்துத் தைத்தோம், 400. பாயும் தறப்பாளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. தறப்பாளில் ஒரு ஆள் படுக்கும் அளவு வெட்டி எடுத்தோம், 450. கீழே விரித்தால் பாய், மழை தூறினால் கூரை. தறப்பாளை எப்படி எல்லாம் பயன்படுத்தலாம் என்று எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

சவர்க்காரத்தைப் பாதியாக வெட்டி, எண்ணெயையும் பற்பசையையும் சின்னப் போத்தலில் எடுத்ததும் 950 கிராம் 180 ஆனது. சட்டி கூட்டத்துக்கு ஒன்று போதும், அதை ஆள்மாறி ஆள் சுமக்கலாம். தனக்கு ஒரு கோப்பையும் பேணியும், 200. ரோச்சும் சின்ன பவர் பாங்கும் 300. பூசைச் சாமானில் திருநீறும் கற்பூரமும் 80. மற்றவை கதிர்காமத்தில் வாங்கலாம்.

மருந்தில் குறைத்தது பெட்டிகளையும் கண்ணாடிப் போத்தலையும் மட்டும்தான். குளிசை ஒன்றும் குறையவில்லை. அதோடு ஜீவனிப் பொதி நான்கு கூட்டினோம், 400.

சாப்பாட்டில் பார்க்கவேண்டியது எடைக்கு எவ்வளவு சக்தி கிடைக்கிறது என்பது. 100 கிராம் வறுத்த கச்சான் 550 கலோரிக்கு மேல் தரும். அவல், சத்துமா போன்றவை 350 அளவில் தரும். தகரத்தில் அடைத்த மீனும், பழங்களும் பெரும்பாலும் தண்ணீரையும் தகரத்தையும்தான் சுமக்க வைக்கின்றன. அவல், சத்துமா, கச்சான், பேரீச்சம்பழம், சர்க்கரை என்று நாளுக்கு அரைக் கிலோ வீதம் ஐந்து நாளுக்கு இரண்டரைக் கிலோ எடுத்தோம்.

தண்ணீரில் கை வைக்கவில்லை. மூன்று லீற்றர் அப்படியே இருந்தது. ஆனி, ஆடி மாதங்களில் கிழக்கு வறண்டு கிடக்கும். குமுக்கன் ஆற்றில் தண்ணீர் கண்டாலும் கொதிக்கவைத்துத்தான் குடிக்கவேண்டும். வெற்றுப் போத்தலையும் பொலித்தீனையும் காட்டில் எறிந்து பாரத்தைக் குறைப்பது வன விலங்குகளுக்குச் செய்யும் கொடுமை. வெறும் பொலித்தீன் எத்தனை கிராம் இருக்கப்போகிறது?

ஆவணப் பை

இத்தனைக்கும் தலையாட்டிய அம்மா, ஆவணப் பையைத் தொட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், அப்பாவின் இறப்பு அத்தாட்சி, எங்கள் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், பழைய குடும்ப அட்டை, கொஞ்சப் படங்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனம் வெளிக்கிட்டபோது அம்மா இந்தப் பையோடுதான் நடந்தார். வன்னியில் ஒவ்வொரு இடப்பெயர்விலும் அரிசியை விட்டார், ஆட்டுக்கல்லை விட்டார், தையல் மெசினைக் கிணற்றடியில் புதைத்தார், இந்தப் பையை விடவில்லை. 2009இல் முகாமுக்கு வந்தபோதும் அது கையில் இருந்தது. அது இல்லாமல் வந்தவர்கள் ஒரு பிறப்பத்தாட்சிக்கும் அடையாள அட்டைக்கும் எத்தனை அலுவலகம் ஏறி இறங்கினார்கள் என்பதையும் அவர் பார்த்திருக்கிறார்.

"உதெல்லாம் தேவைப்படும் பிள்ளை. தேவைப்படேக்க ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

அந்தக் கேள்விதான் பையின் இருபதரைக் கிலோவும். நான்கு சேலையும், இரண்டு துவாயும், சட்டியும், தடித்த போர்வையும் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் உள்ளே போயிருந்தன. திரும்பி வருவோமா என்று தெரியாமல் பை கட்டிப் பழகிய கை அது. எங்களில் பலருடைய கையும் அப்படித்தான். வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு நாள் போவதென்றாலும் இரண்டு மாதத்துக்குக் கட்டுவோம். அதைப் பயந்த குணம் என்றோ, பேராசை என்றோ சொல்வது தவறு. அந்தப் பாரம்தான் அன்று எங்களைக் காப்பாற்றியது.

ஆனால் பாதயாத்திரை இடப்பெயர்வு அல்ல. போகும் இடம் தெரியும், நாள் தெரியும், திரும்பி வரப் பஸ் இருக்கிறது. இதை அம்மாவுக்கு நான் வாயால் சொன்னபோது எடுபடவில்லை. பட்டியலில் அந்தச் சாமானுக்கு நேரே "காட்டுக்குள் இது எந்த நாள், எந்த இடத்தில் தேவைப்படும்?" என்று எழுதி, அவரையே பதில் எழுதச் சொன்னேன். உறுதிக்கு நேரே அவரால் ஒன்றும் எழுத முடியவில்லை. கடைசியில் பையை சின்னம்மா வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டார். அடையாள அட்டையும், ஆவணங்களின் பிரதிகள் இரண்டு மூன்றும், அப்பாவின் ஒரு படமும் நனையாத உறைக்குள் வைத்து எடுத்தார். 40 கிராம்.

புதிய பட்டியலைக் கூட்டினோம். அடிப்படை எடை 3,700 கிராம். சாப்பாடும் தண்ணீரும் சேர்த்து 9,200. முன்னையதில் பாதிக்கும் குறைவு. உடல் எடையில் ஆறில் ஒரு பங்கு அளவு.

67 வயதில் ஒரு துணிப்பை

இலகுவான பைக்கு விலை உயர்ந்த சாமான் வேண்டும் என்று கடைக்காரர் சொல்லலாம். அது உண்மையில்லை என்பதற்கு அமெரிக்கப் பெண் எம்மா கேட்வுட் ஒருவரே போதும். பதினொரு பிள்ளைகளின் தாய். கணவனின் அடியையும் உதையையும் பல வருடங்கள் தாங்கி, பிறகு விவாகரத்துப் பெற்றவர். 1954இல் அப்பலாச்சியன் மலைப் பாதையில் நடக்கத் தொடங்கி, வழி தவறித் திரும்பினார். அடுத்த வருடம், 67ஆவது வயதில் மீண்டும் போனார். ஜோர்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 3,200 கிலோமீற்றருக்கு மேல் தனியே நடந்து முடித்தார். அந்தப் பாதையை ஒரே பருவத்தில் தனியே நடந்து முடித்த முதற்பெண் அவர்.

அவர் தோளில் இருந்தது தானே தைத்த ஒரு துணிப்பை. கூடாரம் இல்லை, படுக்கைப் பையும் இல்லை. மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை, குளிருக்கு ஒரு இராணுவப் போர்வை, காலில் சாதாரண கன்வஸ் சப்பாத்து. பின்னர் இன்னும் இரண்டு தடவை அந்தப் பாதையை முடித்தார். தறப்பாள் துண்டும் பழைய சேலையுமாகப் போகும் எங்கள் அம்மாமார் அவரிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

காயம்பட்ட உடலோடு நடப்பவர்களுக்கு

உடலில் எறிகணைத் துண்டுகளோடு வாழ்பவர்கள் எங்களிடையே நிறையப் பேர். தோளிலோ முதுகிலோ அப்படி ஏதும் இருந்தால், பையின் பட்டி அந்த இடத்தில் அழுத்துகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். அழுத்தினால் பாரத்தை இடுப்புப் பட்டிக்கு மாற்றுங்கள், தேவையானால் பட்டிக்குக் கீழே மெத்தையாகத் துணி வையுங்கள். நீண்ட நடைக்கு முன் வைத்தியரிடம் கேட்பது அவசியம்.

செயற்கைக் கால் போட்டு நடப்பவர்களுக்குப் பையில் கூடும் ஒவ்வொரு கிலோவும் எஞ்சிய காலின் முனையில் இறங்கும். வெயிலில் கால் வியர்த்து வீங்கும்போது பொருத்தும் மாறிவிடும். மேலதிகக் காலுறை இரண்டு கட்டாயம் எடுங்கள். இவர்களுடைய பட்டியலில் முதலில் இருக்கவேண்டியது அதுதான். மற்றச் சாமானைக் கூட்டத்தில் உள்ளவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். புறப்படுவதற்கு முன்னரே பட்டியலில் பங்கு எழுதிவிட்டால் வழியில் யாரும் யாரிடமும் கேட்டு நிற்கத் தேவையில்லை. கேட்கும் கூச்சத்தில்தான் பலர் தாங்கமுடியாததைச் சுமக்கிறார்கள்.

பையை அடுக்கும்போது பாரமானதை முதுகெலும்போடு ஒட்டி, நடுப்பகுதியில் வையுங்கள். படுக்கை அடியில், அடிக்கடி எடுப்பது மேலே. தண்ணீர்ப் போத்தல்களை இரண்டு பக்கமும் சமனாக வையுங்கள். இரண்டு கிழமைக்கு முன்னரே பையை நிரப்பிக்கொண்டு ஊருக்குள் நடந்து பாருங்கள். பட்டி எங்கே உரசுகிறது என்பது காட்டுக்குள் போவதற்கு முன்னரே தெரியவேண்டும்.

திரும்பி வந்த பிறகு

கணக்கு கதிர்காமத்தோடு முடிவதில்லை. வீடு வந்ததும், களைப்பு ஆறுவதற்குள், அதே பட்டியலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு குறி இடுங்கள்: தினமும் பயன்பட்டது, ஒருதடவை பயன்பட்டது, பயன்படவே இல்லை. மூன்றாவது குறி விழுந்ததை அடுத்த தடவை வீட்டில் விடலாம். மருந்தும் ஜீவனியும் மட்டும் விதிவிலக்கு. பயன்படாவிட்டால் அது நல்ல செய்தி. அதோடு, இல்லாமல் கஷ்டப்பட்ட சாமான் ஏதும் இருந்தால் அதையும் எழுதுங்கள். பட்டியல் குறைப்பதற்கு மட்டும் அல்ல.

சென்ற வருடம் அம்மா முழுக் காட்டு வழியையும் தன் பையோடு நடந்தார். முழங்கால் நொந்தது, வீங்கவில்லை. கட்டகாமத்துக்குக் கிட்ட, இன்னொரு கூட்டத்து அம்மா ஒருவருடைய தண்ணீர்ப் போத்தலைக் கொஞ்சத் தூரம் வாங்கிச் சுமந்தார். வீடு வந்து கொப்பியில் குறி போடும்போது அப்பாவின் படத்துக்கு நேரே "தினமும்" என்று எழுதினார். பவர் பாங்குக்கு நேரே, "இது எனக்கில்லை, உனக்குத்தான். அடுத்தமுறை நீ கொண்டுவா."